துடைக்கிறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட்ல பழைய லேப்டாப்பை முழுசா துடைச்சிட்டு வேற ஓஎஸ் போடறதைப் பத்திப் பேசப்போறோம். இது எப்பவும் இருக்கிற டாபிக்தான். ஆனா இப்போ இதுக்கு ஒரு அவசரம் வந்திருக்கு.

காரணம் உங்களுக்கே தெரியும். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. 2015 ஜூலைல வந்த ஓஎஸ், பத்து வருஷம் ஓடியிருக்கு. சப்போர்ட் முடிஞ்சா லேப்டாப் நின்னுபோகாது, மறுநாளும் வழக்கம்போல ஆன் ஆகும். ஆனா புதுசா ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்க அப்டேட் வராது.

சரி, விண்டோஸ் 11க்குப் போயிடலாமேன்னா, அதுக்கு வாசல்லயே ஆள் நிக்குது. டிபிஎம் 2.0 சிப் வேணும், செக்யூர் பூட் வசதி வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசசர்ல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு. 2017ல நல்ல காசு கொடுத்து வாங்கின ஏழாவது தலைமுறை ஐ5 லேப்டாப்பா இருந்தா, ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர, கதவு மூடிடுச்சு. அந்தச் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் பண்ண வழி இருக்கு. ஆனா அப்படிப் போட்டா அப்டேட் கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு.

இதுல நம்ம நேயர் ஒருத்தரோட வாய்ஸ் நோட்டை எடுத்துக்கிறேன். அவர் சென்னைல ஐடி வேலைல இருக்கார். வீடு தஞ்சாவூர். காலேஜ் காலத்துல வாங்கின லேப்டாப் ஒண்ணு இருக்கு: ஏழாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. தங்கச்சி பி.காம் சேர்ந்திருக்காங்க, அவங்களுக்குக் கொடுக்கப்போறார். அவர் கேள்வி இதுதான்: "ப்ரோ, ஃபார்மட் அடிச்சிட்டு ஆர்ச் லினக்ஸ் போட்டுக் கொடுத்துடவா? நான் மூணு வருஷமா அதுதான் யூஸ் பண்றேன், செம ஃபாஸ்ட்."

அந்த ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட்ல கெர்னல் வெர்ஷன் இருக்கு, டெஸ்க்டாப் தீம் இருக்கு. தங்கச்சிக்கு என்ன வேணும்னு ஒரு வரிகூட இல்ல. முதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்கன்னு பதில் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்க சொன்ன மூணு விஷயத்தை எழுதி அனுப்பினார்.

ஒண்ணு, "காலேஜ்ல டேலி பேப்பர் இருக்கு, வீட்ல பிராக்டிஸ் பண்ணணும்." ரெண்டு, "உன்னோட பழைய ஃபைல் எதுவும் அதுல இருக்கக் கூடாது. நான் எதையாவது தெரியாம பாத்துத் தொலைக்கணும், அப்புறம் நீ கத்துவ." மூணு, "என் லேப்டாப் பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா அண்ணா?"

இந்த மூணுலயே இன்னைக்கு எபிசோட் மொத்தமும் அடங்கிடுது. ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடுமா?

போகாது. ஒரு ஃபைலை டெலீட் பண்ணும்போது ஓஎஸ் என்ன பண்ணுதுன்னா, "இந்த இடம் இனிமே காலி"ன்னு பதிவேட்டுல குறிச்சிக்குது. அவ்வளவுதான். வீட்டு வாசல்ல பேர்ப் பலகையைக் கழட்டிட்டு, உள்ள இருக்கிற சாமானை அப்படியே விட்டுட்டுப் போற மாதிரி. குயிக் ஃபார்மட்டும் அதேதான், பதிவேட்டை மட்டும் புதுசா எழுதும். லினக்ஸ் இன்ஸ்டாலர்ல "டிஸ்க்கை அழிச்சிட்டு இன்ஸ்டால் பண்ணு"ன்னு ஒரு ஆப்ஷன் வருமே, பேர்தான் பயங்கரமா இருக்கு. அதுவும் பார்ட்டிஷன் அட்டவணையை மாத்திட்டு, புது ஓஎஸ்ஸுக்கு வேணுங்கிற இடத்துல மட்டும்தான் எழுதுது. 1 டிபி டிஸ்க்ல புது ஓஎஸ் 20 ஜிபி பிடிச்சா, மிச்ச இடத்துல உங்க பழைய வாழ்க்கை அப்படியே கிடக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா நிறைய திரும்பி வரும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்ல. 2003ல சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட்னு எம்ஐடி மாணவர்கள் ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செகண்ட் ஹேண்ட்ல 158 ஹார்டு டிஸ்க் வாங்கினாங்க. அதுல 129 வேலை செஞ்சது. ஒழுங்கா துடைக்கப்பட்டிருந்தது வெறும் 12. மிச்சத்துல ஆயிரக்கணக்குல கிரெடிட் கார்டு நம்பர், மருத்துவ விவரம், லெட்டர்னு கிடைச்சது. அதை வித்தவங்கள்ல பல பேர் "நான் ஃபார்மட் அடிச்சுட்டேனே"ன்னுதான் நினைச்சிருப்பாங்க.

நம்ம ஊர்ல அதே டிஸ்க்ல என்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆதார் ஸ்கேன், பான் கார்டு, பத்தாவது மார்க்‌ஷீட், அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட், பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட். ரிச்சி ஸ்ட்ரீட்ல விக்கப்போறீங்கன்னாலும் சரி, தங்கச்சிக்குக் கொடுக்கப்போறீங்கன்னாலும் சரி, நாளைக்கு அது யார் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது.

அப்போ ஒழுங்கா துடைக்கிறது எப்படி? டிஸ்க் எந்த வகைன்னு முதல்ல பாருங்க, ரெண்டுக்கும் வழி வேற.

சுத்துற ஹார்டு டிஸ்க்னா, முழுசா ஒரு தடவை மேல எழுதினா போதும். 35 தடவை எழுதணும்னு ஒரு கதை சுத்துது. பீட்டர் கட்மன் 1996ல எழுதின கட்டுரைல இருந்து வந்தது அது. அந்தக் காலத்துல இருந்த பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்து அவர் போட்ட பட்டியல். இன்றைய டிஸ்க்குகளுக்கு அது அர்த்தமில்லாததுன்னு அவரே பின்னாடி எழுதிட்டார். விண்டோஸ்லயே "ரீசெட் திஸ் பிசி" போய் எல்லாத்தையும் நீக்கச் சொல்லும்போது, செட்டிங்ஸ்ல "க்ளீன் டேட்டா"ன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. இல்லைன்னா ஷ்ரெட் ஓஎஸ் மாதிரி ஒரு பென் டிரைவ்ல பூட் பண்ணி துடைக்கலாம். ஒரு செகண்டுக்கு 100 எம்பி வேகம்னு வெச்சுக்கிட்டா 1 டிபிக்கு மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஆகும். சார்ஜர் போட்டுட்டு ஒரு படம் பாத்துட்டு வாங்க.

எஸ்எஸ்டின்னா கதை வேற. ஒரே செல்ல திரும்பத் திரும்ப எழுதினா அது தேஞ்சிடும். அதனால உள்ள இருக்கிற கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல எழுதும். நீங்க "இந்த இடத்துல மேல எழுது"ன்னு சொன்னாலும், பழைய டேட்டா இன்னொரு மூலைல ஓஎஸ் கண்ணுக்கே தெரியாம உக்காந்திருக்கலாம். அதனால எஸ்எஸ்டிக்கு டிஸ்க்கோட சொந்த அழிப்புக் கட்டளையைத்தான் பயன்படுத்தணும். செக்யூர் எரேஸ், சானிடைஸ்னு பேர் இருக்கும். நிறைய லேப்டாப்ல பயாஸ் மெனுவுலயே இருக்கு, இல்லைன்னா டிஸ்க் கம்பெனியோட டூல்ல இருக்கும். முதல் நாள்லயே டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா வேலை இன்னும் சுலபம். சாவியை அழிச்சா, உள்ள இருக்கிறது வெறும் குப்பை.

ரெண்டு எச்சரிக்கை. துடைக்கும்போது அந்த ஒரு டிஸ்க் தவிர வேற எதுவும் சொருகியிருக்கக் கூடாது. பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை கழட்ட மறந்து, அதையே துடைச்சவங்க உண்டு. இன்னொண்ணு, பேக்கப் எடுத்தா மட்டும் பத்தாது, அதை வேற ஒரு மெஷின்ல திறந்து பாக்கணும். திறந்து பாக்காத வரைக்கும் அது பேக்கப்பா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. ஃபோட்டோ, டாக்குமெண்ட் எல்லாரும் எடுத்துடுவாங்க. விட்டுப்போறது இதெல்லாம்: பிரவுசர் புக்மார்க், கம்பெனி தந்த சர்டிஃபிகேட் ஃபைல், அவுட்லுக்ல இருக்கிற பழைய மெயில், டேலி டேட்டா ஃபோல்டர், அப்பா எப்பவோ போட்டு வெச்ச பாமினி ஃபான்ட்.

நம்ம நேயர் கேஸ்ல நான் சொன்னது வேற வழி: "இப்போதைக்குத் துடைக்கவே வேண்டாம்." அந்த லேப்டாப்ல இருக்கிறது சுத்துற ஹார்டு டிஸ்க். அது ஸ்லோவா இருக்கிறதுக்கு ஓஎஸ்ஸை விட டிஸ்க்தான் பெரிய காரணம். ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டினா, அதே மெஷின் வேற மெஷின் மாதிரி ஆகும். கழட்டின ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு அவரே வெச்சுக்கலாம். ஆறு மாசம் கழிச்சு, எதுவும் விட்டுப்போகலைன்னு உறுதியானதும் நிதானமா துடைக்கலாம். தங்கச்சிக்குப் போறது அண்ணனோட ஒரு ஃபைல்கூட எழுதப்படாத புது டிஸ்க். அவங்க ரெண்டாவது கண்டிஷன் அதுலயே முடிஞ்சுது.

எந்த ஓஎஸ்? டேலிதான் முடிவு பண்ணும்

இப்போ முதல் கண்டிஷன். ஆர்ச் மோசமான ஓஎஸ் இல்ல. ஆனா அது எப்பவும் உருண்டுக்கிட்டே இருக்கிற ஓஎஸ். அப்டேட் போடறதுக்கு முன்னாடி அவங்க அறிவிப்பைப் படிக்கணும், சில சமயம் கையால ஏதாவது சரி பண்ணணும். நமக்கு அது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. நாளைக்கு அசைன்மென்ட் சப்மிட் பண்ண வேண்டிய பொண்ணுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு கறுப்பு ஸ்க்ரீன் வந்தா, சரி பண்ண வேண்டிய ஆள் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி சென்னைல தூங்கிட்டிருப்பார்.

அதுக்கும் மேல டேலி விண்டோஸ்லதான் ஓடும். ஓஎஸ் எதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, இந்த வருஷம் எந்த சாஃப்ட்வேர் இல்லாம முடியாதுன்னு லிஸ்ட் போடுங்கன்னு நான் சொல்றது இதனாலதான். பி.காம்னா டேலி. மெக்கானிக்கல், சிவில்னா ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ். ரெண்டுக்கும் லினக்ஸ் வெர்ஷன் இல்ல. ஃபோட்டோஷாப், பிரீமியர்னாலும் அதேதான். வேலரன்ட் விளையாடணும்னா அதோட ஆன்டி சீட் லினக்ஸ்ல ஓடாது. கம்ப்யூட்டர் சயின்ஸ்னா மட்டும் கதை தலைகீழ். பைத்தான், ஜாவா, சி எல்லாத்துக்கும் லினக்ஸ் சொந்த வீடு மாதிரி.

வீட்ல இருக்கிற பிரின்டரையும் பாருங்க. ஹெச்பி பிரின்டர் நிறைய மாடல் லினக்ஸ்ல சொருகின உடனே வேலை செய்யும். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைல எல்லாம் பாக்கிற கேனான் எல்பிபி 2900 இருக்கே, அதை லினக்ஸ்ல ஓட்ட நல்லாவே மெனக்கெடணும். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகற அப்பாவுக்கு ஓஎஸ் மாத்தறதுக்கு முன்னாடி அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு தேடிப் பாருங்க.

இந்த லிஸ்ட்ல எதுவும் மாட்டலையா? பிரவுசர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், டாக்குமெண்ட் மட்டும்தானா? அப்போ தாராளமா லினக்ஸ் போடலாம். நூத்துக்கணக்குல இருக்கே, எதைப் போடறதுன்னு குழம்ப வேண்டாம். மூணு கேள்வி கேளுங்க. எத்தனை வருஷம் அப்டேட் வரும்? மெனு பாத்தா அவங்களுக்குப் புரியுமா? மாட்டிக்கிட்டா கூகுள்ல தேடினா பதில் கிடைக்குமா? இந்த மூணுக்கும் நல்ல பதில் லினக்ஸ் மின்ட். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. கீழ டாஸ்க்பார், இடது மூலைல மெனு, விண்டோஸ்ல பழகின கைக்கு அந்நியமா இருக்காது. 4 ஜிபி ரேம் மெஷின்னா அதோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அம்மாவுக்கு வெறும் குரோம் போதும்னா குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும் பாக்கலாம். ஆனா அதுல ப்ளே ஸ்டோர் கிடையாது, அதை முன்னாடியே சொல்லிடுங்க.

தமிழ் டைப்பிங் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. லினக்ஸ்ல தமிழ்99 இருக்கு, போனெட்டிக் இருக்கு, பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கு. ஐபஸ்ஸும் அதோட எம்17என் பேக்கேஜும் போட்டா வந்துடும். பாமினில இருக்கிற பழைய டாக்குமெண்டுக்கு அந்த ஃபான்ட் ஃபைலையே காப்பி பண்ணிக்கிட்டா போதும். கல்யாணப் பத்திரிகை ஃபைல் திறந்து வெறும் இங்கிலீஷ் எழுத்தா வந்தா பயப்படாதீங்க, காணாமப் போனது ஃபான்ட் மட்டும்தான்.

எதுவா இருந்தாலும் முதல்ல பென் டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க. டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை வருதா, சவுண்ட் வருதா, டச்பேட் வேலை செய்யுதான்னு தெரிஞ்சிடும். ஐஎஸ்ஓவை அதிகாரப்பூர்வ சைட்ல இருந்து எடுத்து, அவங்க கொடுத்திருக்கிற கையெழுத்தையும் எஸ்ஹெச்ஏ 256 கோடையும் சரிபாருங்க. இதை சும்மா சடங்குக்குச் சொல்லல. 2016 பிப்ரவரில இதே மின்ட்டோட வெப்சைட்டை ஹேக் பண்ணி, டவுன்லோட் லிங்க்கை பின்கதவு வெச்ச ஐஎஸ்ஓவுக்கு மாத்தி விட்டாங்க. மின்ட் டீமே அதை வெளிப்படையா அறிவிச்சாங்க.

நம்ம தஞ்சாவூர் தங்கச்சிக்கு என்ன முடிவாச்சுன்னா, ரெண்டு ஓஎஸ். தினசரி வேலைக்கும் நெட்டுக்கும் மின்ட். டேலிக்கு மட்டும் விண்டோஸ் 10, அதுல நெட் கனெக்ட் பண்றதில்ல. வேணும்னா விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் இருக்கு. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸை சிங்க் பண்ணினா காசு இல்லாமலே சேரலாம். லைசென்ஸ் பத்தியும் கவலை வேண்டாம். விண்டோஸோட வந்த லேப்டாப்னா பெரும்பாலும் அதோட சாவி மதர்போர்டுலயே இருக்கும், டிஸ்க் மாத்தினாலும் திரும்ப ஆக்டிவேட் ஆகும். விண்டோஸை முதல்ல போட்டுட்டு மின்ட்டை ரெண்டாவதா போடுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணிடுங்க. இல்லைன்னா விண்டோஸ் முழுசா ஷட்டவுன் ஆகாம பாதித் தூக்கத்துல இருக்கும், அந்தப் பக்கத்து ஃபைல்ல லினக்ஸால ஒழுங்கா எழுத முடியாது.

இது அழகான தீர்வு இல்லதான். ஆர்ச் ரசிகருக்கு மனசு ஆறல. ஆனா அடுத்த மூணு வருஷம் அந்த மெஷின் முன்னாடி உக்காரப்போறது அவர் இல்லையே.

பாஸ்வேர்ட் யார்கிட்ட?

கடைசியா மூணாவது கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாப் பட்டுது.

நம்மள மாதிரி வீட்டுக்கு ஒரு டெக் ஆள் இருப்பார். எல்லா மெஷினையும் அவர்தான் செட் பண்ணுவார். அட்மின் அக்கவுன்ட் அவர் பேர்ல, பாஸ்வேர்ட் அவர்கிட்ட, "ஏதாவது பிரச்சனைனா பாத்துக்கலாம்"னு எனிடெஸ்க் எப்பவும் ஆன்ல. நல்ல எண்ணத்துலதான் பண்றோம். ஆனா அந்தப் பக்கம் இருந்து பாருங்க. பதினெட்டு வயசுப் பொண்ணு, அவங்களோட சாட், ஃபோட்டோ, என்ன தேடினாங்கங்கிறது எல்லாம் அந்த மெஷின்ல. அண்ணன் எப்ப வேணா உள்ள வரலாம்னா அது அவங்க லேப்டாப் இல்ல, அண்ணன் லேப்டாப்ல அவங்க வாடகைக்கு இருக்காங்க.

அதனால துடைக்கிற வேலைல நம்ம டேட்டா மட்டும் போனா பத்தாது, நம்ம அதிகாரமும் போகணும். அவங்க பேர்ல ஒரே ஒரு அட்மின் அக்கவுன்ட். பாஸ்வேர்டை அவங்களே டைப் பண்ணட்டும், நீங்க திரும்பிக்கோங்க. இன்ஸ்டால் பண்ணும்போதே டிஸ்க் என்க்ரிப்ஷன் போடுங்க, அந்தச் சாவியை அவங்களே ஒரு நோட்டுல எழுதி பத்திரமா வெச்சுக்கட்டும். அது தொலைஞ்சா டேட்டா போச்சு, உங்களாலயும் திருப்பித் தர முடியாதுன்னு தெளிவா சொல்லிடுங்க. உங்க கூகுள், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து அந்த டிவைஸை நீக்குங்க. ரிமோட் உதவி வேணும்னா அவங்க கூப்பிடும்போது ஆன் பண்ணிக்கலாம், முடிஞ்சதும் ஆஃப்.

இதைச் சொன்னப்போ நேயர் கேட்டார், "அப்போ மறந்துட்டா நான் எப்படி ப்ரோ சரி பண்றது?" மறந்தா பேக்கப்ல இருந்து திரும்ப இன்ஸ்டால் பண்ணணும். அதனால தங்கச்சிக்கு பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுங்க. மின்ட்ல ஹோம் ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்க்கு பேக்கப் எடுக்க டூல் கூடவே வருது, பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். ஸ்பேர் சாவியை நம்மகிட்ட வெச்சுக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

அப்போ இந்த வாரம் வீட்ல விண்டோஸ் 10ல ஒரு லேப்டாப் இருந்தா, ஐஎஸ்ஓ டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி மூணு வேலை. அதை யார் யூஸ் பண்ணப்போறாங்களோ அவங்ககூட உக்காந்து சாஃப்ட்வேர் லிஸ்ட் போடுங்க. உள்ள இருக்கிறது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னு பாருங்க. பேக்கப் எடுத்து வேற மெஷின்ல திறந்து பாருங்க. இந்த மூணும் முடிஞ்சா எந்த ஓஎஸ்ங்கிற கேள்வி பாதி தானா தீர்ந்திருக்கும்.

உங்க லிஸ்ட்ல நான் சொல்லாத சாஃப்ட்வேர் ஏதாவது மாட்டினா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம். அதுவரைக்கும், வணக்கம்.